அருகிவரும் புழுக்களைக் காண்பது எப்படி?

மனித உடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களை ஒழிக்க முனையும் பொதுச் சுகாதாரத் திட்டங்களில், நோயறியும் சோதனைக்கு உள்ள இடம் மற்ற நோய்களில் அதற்கு உள்ள இடத்திலிருந்து பெரிதும் வேறுபட்டது. காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வருபவரின் இரத்தம் சோதிக்கப்படுவது, அவருக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காகவே. குடற்புழு உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் எந்த மருத்துவரிடமும் போவதில்லை. பசி மந்தம், சோர்வு, இரத்தச் சோகை, படிப்பில் கவனக்குறைவு ஆகியவற்றுக்குப் பின்னால் புழு இருக்கக்கூடும் என்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எளிதில் தோன்றுவதில்லை. மண்ணின் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் மட்டுமே உலகில் சுமார் 150 கோடிப் பேரின் உடலில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவ்வளவு பேரையும் தனித்தனியே சோதித்து, புழு உள்ளவருக்கு மட்டும் மருந்து தருவது எந்த நாட்டின் சுகாதாரத் துறைக்கும் இயலாத காரியம்.

எனவே சோதிக்காமலேயே மருந்து கொடுக்கும் முறை உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது. இந்தியாவில் 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையிலான குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரையின் விலை மிகக் குறைவு. ஒரு மல மாதிரியைச் சேகரித்து, ஆய்வகத்துக்குக் கொண்டுசென்று, நுண்ணோக்கியில் பார்த்து முடிவைச் சொல்வதற்கு அதைவிடப் பல மடங்கு செலவாகும். மருந்தும் பெரும்பாலோருக்குத் தீங்கற்றது என்பதால் இம்முறை நியாயமானதே. ஆயினும் சோதனையின் தேவை இதனால் மறைந்துவிடவில்லை, அது வேறிடத்துக்கு மாறியிருக்கிறது. இந்த மாவட்டத்தில் மருந்து வழங்க வேண்டுமா, ஆண்டுக்கு ஒரு முறையா இரு முறையா, மருந்து வேலை செய்கிறதா, எப்போது நிறுத்தலாம், நிறுத்தியபின் நோய் திரும்பி வருகிறதா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு இப்போது சோதனையினுடையது. இக்கேள்விகளுள் முதலாவதற்கு ஏற்ற கருவி கடைசிக் கேள்விக்குப் பயன்படுவதில்லை என்பதே இத்துறையின் மையச் சிக்கல்.

இதைப் புரிந்துகொள்ளப் புழுக்களின் இயல்பு ஒன்றை முதலில் அறிய வேண்டும். பாக்டீரியாவும் வைரஸும் உடலுக்குள் நுழைந்தபின் அங்கேயே பெருகுகின்றன. பெரும்பாலான புழுக்கள் அவ்வாறு பெருகுவதில்லை. ஒருவரின் குடலில் இருபது கொக்கிப்புழுக்கள் இருந்தால், இருபது இளம்புழுக்கள் மண்ணிலிருந்து அவர் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போயிருக்கின்றன என்று பொருள். அவை இடும் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரித்து வளர்ந்த பிறகே அடுத்த மனிதரைத் தொற்ற முடியும். ஆகவே புழு நோயில் 'இருக்கிறதா இல்லையா' என்பதைவிட 'எத்தனை இருக்கின்றன' என்பது முக்கியமான கேள்வியாகிறது. தமிழகத்தில் மிகுதியாகக் காணப்படும் நெக்கேட்டர் அமெரிக்கானஸ் என்னும் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லி லிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஓரிரு புழுக்களால் பெரிய கேடில்லை, நூறு புழுக்கள் இருந்தால் நாள்தோறும் 3 மில்லி லிட்டர் இரத்தம் போய்விடும். போதிய இரும்புச் சத்து இல்லாத உணவை உண்டு வயலில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு, அவர் கருவுற்றும் இருந்தால், அந்த இழப்பு ஈடு செய்ய முடியாததாகிவிடுகிறது. மேலும், ஓர் ஊரில் உள்ள புழுக்கள் எல்லோரிடமும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சிலரிடமே பெரும்பாலானவை குவிந்திருக்கும். அந்தச் சிலரைத் தவறவிடும் கணக்கெடுப்பு ஊரின் நிலையையே தவறாகக் காட்டும்.

உடலுக்குள் இருக்கும் புழுக்களை நேரடியாக எண்ண இயலாததால், அவை இடும் முட்டைகள் எண்ணப்படுகின்றன. இதற்கு இன்றுவரை உலகெங்கும் அளவுகோலாக விளங்குவது காட்டோ-காட்ஸ் முறை. 1954இல் ஜப்பானில் காட்டோவும் மியூராவும் வகுத்த எளிய முறையை, 1972இல் பிரேசிலைச் சேர்ந்த நஃப்தாலே காட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் அளவு கணக்கிடத்தக்க முறையாகச் செப்பனிட்டார்கள். மல மாதிரியை நுண்ணிய வலையில் அழுத்தித் தேய்த்து நாரும் சக்கையும் நீக்கப்படுகின்றன. வலையின் மேற்புறம் வந்ததை வழித்தெடுத்து, ஸ்லைடு எனப்படும் கண்ணாடித் தகட்டின் மீது வைத்த சிறு அச்சின் துளைக்குள் நிரப்புகிறார்கள். அந்தத் துளை 41.7 மில்லி கிராம் மலத்தைக் கொள்ளும். அச்சை எடுத்துவிட்டு, கிளிசரினிலும் மலக்கைட் பச்சைச் சாயத்திலும் ஊறிய செல்லோஃபேன் தாளை அதன் மேல் வைத்து அழுத்தினால், கிளிசரின் சிறிது நேரத்தில் மலத்தை ஒளி ஊடுருவும்படி தெளியச் செய்கிறது. அதன் பின்புலத்தில் முட்டைகள் தனித்துத் தெரிகின்றன. 41.7 மில்லி கிராம் என்பது ஒரு கிராமின் இருபத்து நான்கில் ஒரு பங்கு என்பதால், எண்ணிய முட்டைகளை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராம் மலத்தில் உள்ள முட்டைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். தராசு, மின்சாரம், விலையுயர்ந்த வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை. கண்ணாடியில் சூரிய ஒளியைத் திருப்பிப் பார்க்கும் பழைய நுண்ணோக்கியே போதும். அரை நூற்றாண்டாக ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் ஊர்ப் பள்ளிகளின் திண்ணைகளில் இம்முறை நிலைத்திருப்பதற்கு இந்த எளிமையே காரணம்.

இந்த எண்ணிக்கையைக் கொண்டுதான் தொற்றின் தீவிரம் வகைப்படுத்தப்படுகிறது. ஒரு கிராம் மலத்தில் 2,000க்குக் குறைவான கொக்கிப்புழு முட்டைகள் இருந்தால் அது லேசான தொற்று, 4,000ஐ எட்டினாலோ தாண்டினாலோ கடுமையான தொற்று. நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டைகள் வரை இடும் உருண்டைப்புழுவுக்கு இந்த எல்லைகள் மிக உயரத்தில் இருக்கின்றன: 5,000க்குக் கீழ் இருப்பதே லேசானது, 50,000லிருந்துதான் அது கடுமையானதாகக் கொள்ளப்படுகிறது. நடுத்தரமும் கடுமையுமான தொற்று உள்ளவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைந்துவிட்டால், குடற்புழு ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக நீடிக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. புழுவே இல்லாத ஊர் என்பது இதன் பொருளன்று. புழு இருக்கிறது, நோயை உண்டாக்கும் அளவில் இல்லை என்பதே இதன் பொருள்.

காட்டோ-காட்ஸ் முறையின் குறைகளை அதைக் கையாளும் ஆய்வக நுட்பநர்களைவிட நன்கு அறிந்தவர்கள் இல்லை. கொக்கிப்புழுவின் முட்டைக்கு மெல்லிய ஓடுதான் உண்டு. மலத்தைத் தெளிய வைக்கும் அதே கிளிசரின் அந்த முட்டையையும் சிறிது நேரத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் செய்துவிடுகிறது. தடித்த ஓடுள்ள உருண்டைப்புழு முட்டைக்கும் சாட்டைப்புழு முட்டைக்கும் இந்த அவசரம் இல்லை. ஆகவே ஸ்லைடைத் தயாரித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொக்கிப்புழு முட்டைகளை எண்ணி முடிக்க வேண்டும். காலையில் ஊரில் சேகரித்த மாதிரிகளைப் பிற்பகலில் நகரத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும் திட்டங்களில், கொக்கிப்புழு குறைந்துவிட்டது போன்ற தோற்றம் எழுவதற்கு நேரத் தாமதமே காரணமாகிவிடக்கூடும். ஒரே மனிதர் இன்று வெளியேற்றும் முட்டைகளின் எண்ணிக்கை நாளைக்கு வேறாக இருக்கும். ஒரே மலத்தின் ஒரு பகுதியில் முட்டைகள் நிறைந்தும் இன்னொரு பகுதியில் இல்லாமலும் இருக்கும். இரண்டு ஸ்லைடுகள் தயாரிப்பதும், அடுத்த நாளும் மாதிரி கேட்பதும் இதற்குப் பரிகாரங்கள். மலத்தைக் கொண்டுவரும்படி ஒரு தாயிடம் ஒரு முறை கேட்பதே எத்தனை கூச்சத்துக்குரியது என்பதை அறிந்தவர்கள், மூன்றாம் முறை கேட்கும் களப்பணியாளரின் நிலையை உணர்வார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, மருந்து வழங்கும் திட்டம் வெற்றிபெறும்போதுதான் வெளிப்படுகிறது. எண்ணப்படுவது கிராமின் இருபத்து நான்கில் ஒரு பங்கு மட்டுமே. ஒருவரின் மலத்தில் கிராமுக்கு ஐந்து முட்டைகளே இருக்குமானால், ஐந்து ஸ்லைடுகளில் நான்கில் முட்டை ஏதும் தென்படாது. அவர் புழுவற்றவர் என்றே பதிவாவார். ஊரெங்கும் புழு மலிந்திருந்த காலத்தில் இப்படித் தவறவிடப்பட்டவர்கள் மொத்தக் கணக்கைப் பெரிதாகப் பாதித்ததில்லை. பத்து ஆண்டுகள் மாத்திரை கொடுத்த பிறகு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் லேசான தொற்றுகளே என்பதால், பழைய முறை அப்போது உள்ளதில் பெரும்பகுதியைக் காணாமல் போகிறது. மருந்து எந்த அளவுக்கு நன்றாக வேலை செய்கிறதோ அந்த அளவுக்கு அதை அளக்கும் கருவியின் பார்வை மங்குகிறது. நிறுத்தலாமா என்ற முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கருவியை நம்ப முடியாமல் போகிறது.

இந்த இடத்தில்தான் பி.சி.ஆர். என்னும் மரபணுச் சோதனை வருகிறது. கொரோனா காலத்தில் எல்லோர் காதிலும் விழுந்த இப்பெயர், ஓர் உயிரிக்கே உரிய மரபணுத் துண்டைப் பல கோடி மடங்கு பெருக்கி அதன் இருப்பைக் கண்டறியும் முறையைக் குறிக்கிறது. மலத்தில் உள்ள புழு முட்டைகளைச் சிறு மணிகளோடு சேர்த்து அதிவேகமாகக் குலுக்கி ஓட்டை உடைத்து, உள்ளிருக்கும் மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்து, இச்சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும் நெக்கேட்டர், ஆங்கைலோஸ்டோமா ஆகிய இருவகைக் கொக்கிப்புழுக்களின் முட்டைகளையும் இது பிரித்துச் சொல்லிவிடும். வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளிலும், ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் நடைபெற்ற டீவார்ம்-3 என்னும் பெரிய ஆய்வு, குழந்தைகளோடு நிறுத்தாமல் ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு முறை மாத்திரை கொடுத்தால் குடற்புழுப் பரவலையே அறுத்துவிட முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதன் இந்தியப் பகுதியை நடத்தியது. இத்தகைய ஆய்வின் தொடக்கக் கணக்கைக் காட்டோ-காட்ஸ் முறையில் எடுத்தாலும், 'பரவல் அறுந்துவிட்டது' என்னும் முடிவை அதைக் கொண்டு அறிவிக்க இயலாது. எனவே மருந்தை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் கழித்து, பி.சி.ஆர். சோதனையில் 2 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ தொற்று இருந்தால் மட்டுமே பரவல் அறுந்ததாகக் கொள்வது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டார்கள். கேள்விக்கு ஏற்பக் கருவியைத் தேர்ந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் குளிர்பதனப் பெட்டியும் தூய அறையும் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும் இச்சோதனை ஒரு மாவட்டத் தலைமையகத்துக்கே எட்டாத நாடுகள் பல உள்ளன. முட்டைகள் தெரியும் ஸ்லைடைக் கருவியால் படம்பிடித்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எண்ணும் முயற்சிகளும் நடக்கின்றன. கென்யாவில் பள்ளிக் குழந்தைகளின் மாதிரிகளைக் கொண்டு இது சோதிக்கப்பட்டுள்ளது. நுட்பநரின் கண் அயர்ச்சியை இது போக்கும். அதே 41.7 மில்லி கிராமுக்குள் இல்லாத முட்டையை இதனாலும் காட்ட முடியாது.

முட்டையே மலத்தில் வராத புழுக்களும் உண்டு. ஸ்ட்ராங்கிலாய்டீஸ் என்னும் மிகச் சிறிய புழுவின் முட்டைகள் குடலுக்குள்ளேயே பொரித்துவிடுவதால், மலத்தில் இளம்புழுக்கள்தாம் வெளிவருகின்றன. அவற்றிலும் சில வெளியேறாமல் குடற்சுவரைத் துளைத்து அதே மனிதரை மீண்டும் தொற்றுகின்றன. உடலுக்குள் புழுக்கள் பெருகுவதில்லை என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு. இதனால் இத்தொற்று பல பத்தாண்டுகள் ஓசையின்றி நீடிக்கக்கூடும். அப்படிப்பட்டவருக்கு ஆஸ்துமாவுக்காகவோ உறுப்பு மாற்று அறுவைக்குப் பின்னரோ ஸ்டீராய்டு மருந்து தரப்பட்டால், நோய் எதிர்ப்பு ஆற்றல் அடங்கியதும் புழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கின்றன. காட்டோ-காட்ஸ் முறையில் இப்புழு சிக்காது. மலத்தை அகார் என்னும் கூழ்மத் தட்டில் வைத்து, இளம்புழுக்கள் ஊர்ந்த தடத்தில் பாக்டீரியாக்கள் வளர்ந்திருப்பதைப் பார்க்கும் முறையும், இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் முறையும் இதற்குத் தேவைப்படுகின்றன. குடற்புழுக் கணக்கெடுப்புகள் பலவற்றில் இப்புழு இடம்பெறாமலே போனதற்குக் காரணம், அது அரிதாக இருந்ததன்று. அதைத் தேடும் முறையை யாரும் கையிலெடுக்காததே.

பன்றி நாடாப்புழுவின் கதை இன்னும் துயரமானது. அதன் முட்டைகளை விழுங்கியவரின் மூளையில் இளம்புழுக் கூடுகள் தங்கி வலிப்பை உண்டாக்குகின்றன. இந்தியாவில் வலிப்புடன் வந்தவர்களின் மூளை ஸ்கேனில் காணப்பட்ட ஒற்றைச் சிறு கட்டியைக் காசநோய்க் கட்டி என்று எண்ணிப் பல மாதங்கள் காசநோய் மருந்து கொடுத்த காலம் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் இக்கட்டிகளின் திசுவை எடுத்து ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் எச்சங்களே என்று நிறுவினார்கள். அறுவையின்றி ஸ்கேனைக் கொண்டும் நோய்க்குறிகளைக் கொண்டும் இவற்றை இனம்காணும் அளவுகோல்களையும் வகுத்தார்கள். தேவையற்ற மருந்திலிருந்தும் மண்டையோட்டுத் திறப்பிலிருந்தும் எத்தனையோ பேரைக் காத்த பணி இது.

யானைக்கால் நோய்க்கு வருவோம். கருவிகளின் மாற்றம் ஒரு திட்டத்தின் போக்கையே மாற்றியதற்கு இதைப்போல் வேறு சான்று இல்லை. இந்நோயின் பெரும்பகுதிக்குக் காரணமான உச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல் போன்ற புழு, நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் வாழ்கிறது. பெண்புழு ஈனும் மைக்ரோஃபைலேரியா என்னும் நுண்புழுக்கள் இரத்தத்தில் உலவி, கடிக்கும் கொசுவின் வயிற்றை அடைகின்றன. இந்த நுண்புழுக்களை மனித இரத்தத்தில் 1872இல் கல்கத்தாவில் கண்டவர் திமதி லூயிஸ். சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணிபுரிந்த பேட்ரிக் மேன்சன், கொசுவுக்குள் இப்புழு வளர்வதை 1877இல் கண்டதோடு, அடுத்த சில ஆண்டுகளில் நுண்புழுக்கள் இரவில்தான் தோலை ஒட்டிய இரத்த நாளங்களுக்கு வருகின்றன என்பதையும் காட்டினார். இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசுவின் வழக்கத்துக்கு இசைந்த இந்த நடமாட்டம், நோயறிவோரின் உறக்கத்தைப் பறித்தது. இரவு 10 மணிக்குப் பிறகு வீடு வீடாகப் போய், உறங்குபவர்களை எழுப்பி, விரலில் குத்தி இரத்தம் எடுக்கும் இரவு இரத்தக் கணக்கெடுப்பு, இந்தியாவிலும் இலங்கையிலும் பல பத்தாண்டுகள் நடந்தது. விளக்கும் ஸ்லைடுகளும் ஏந்தி, நாய்களுக்கும் வீட்டாரின் கோபத்துக்கும் நடுவே அலைந்த பணியாளர்களின் உழைப்பின் மீதே இந்நோயைப் பற்றிய நம் அறிவு எழுந்திருக்கிறது.

1990களில் நிலைமை மாறியது. வளர்ந்த புழு வெளியிடும் ஒரு பொருள், அதாவது ஆன்டிஜென், இரவு பகல் என்னும் வேறுபாடின்றி இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஓர் அட்டையில் பூசி, ஒரு துளி இரத்தத்தை விட்டால் கோடு தோன்றும்படி செய்த சோதனை, பகல் வெளிச்சத்தில் பள்ளிக்கூடத்திலேயே கணக்கெடுக்கும் வழியைத் திறந்தது. அதன் பின்வந்த சோதனைப் பட்டைக்கு விரல் நுனியிலிருந்து 75 மைக்ரோ லிட்டர் இரத்தம் போதும். பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிப் படித்தால், தொற்று இல்லாதவருக்கும் மங்கலான கோடு தோன்றிவிடக்கூடும். நேரம் காட்டும் கருவியும் நேரத்தை மதிக்கும் பணியாளரும் பட்டையைப் போலவே இச்சோதனையின் உறுப்புகள் என்பதை ஒவ்வொரு பயிற்சியிலும் வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

இப்பட்டையின் மீதே நிறுத்தும் முடிவு கட்டப்பட்டது. மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதத்தினர் மருந்து உட்கொள்ளும்படி, குறைந்தது ஐந்து சுற்றுகள் மருந்து வழங்கிய பகுதியில், 6, 7 வயதுக் குழந்தைகளைச் சோதிப்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த நடைமுறை. இது பரவல் மதிப்பீட்டுக் கணக்கெடுப்பு எனப்படும். பெரியவர்களின் உடலில் பழைய புழு எஞ்சியிருக்கலாம். தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மருந்து வழங்கிய காலத்திலேயே கழித்த குழந்தையிடம் புழு இருந்தால் அது பெரும்பாலும் அண்மையில் ஏற்பட்ட தொற்றாகவே இருக்கும். கியூலெக்ஸ் பரப்பும் பகுதியில் ஏறத்தாழ 1,700 குழந்தைகளைச் சோதித்து, 20 பேருக்கு மேல் தொற்று இல்லையென்றால் மருந்தை நிறுத்தலாம்; இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் மேலும் இரு முறை இதே கணக்கெடுப்பில் தேற வேண்டும். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் மான்சோனியா கொசுக்கள் பரப்பிய புருகியா மலேயி என்னும் மற்றொரு யானைக்கால் புழுவை இந்தப் பட்டை காட்டாது. அதற்கு எதிர்ப்பொருளைத் தேடும் வேறொரு சோதனை தேவை.

ஒரு சோதனையின் தரத்தை இரண்டு அளவுகள் சொல்கின்றன. தொற்று உள்ளவரை உள்ளவர் என்று சொல்லும் ஆற்றல் கண்டறிதிறன்; இல்லாதவரை இல்லாதவர் என்று சொல்லும் ஆற்றல் பிரித்தறிதிறன். நோய் மிகுந்திருக்கும்போது முதலாவது அளவே எல்லோர் கவனத்திலும் இருக்கிறது, நோய் அருகும்போது இரண்டாவதே விதியைத் தீர்மானிக்கிறது. ஆயிரம் குழந்தைகளில் பத்துப் பேருக்கு மட்டும் தொற்று இருப்பதாகவும், சோதனையின் பிரித்தறிதிறன் 97 சதவீதம் என்றும் கொள்வோம். தொற்றுள்ள பத்துப் பேரையும் அது பிடித்துவிடட்டும். தொற்றில்லாத 990 பேரில் மூன்று சதவீதம், அதாவது ஏறத்தாழ முப்பது பேரையும் அது தவறாகத் தொற்றுள்ளவர் என்று சொல்லும். நாற்பது கோடுகளில் பத்து மட்டுமே உண்மை. கேட்பவருக்கு 97 சதவீதம் மிக உயர்ந்த தரமாகத் தோன்றும். அருகிவரும் நோயில் அதே சோதனை, வெற்றி பெற்ற ஒரு மாவட்டத்தைத் தோற்றதாகக் காட்டி, தேவையில்லாத மருந்துச் சுற்றுகளை லட்சக்கணக்கான மக்கள் மீது சுமத்திவிடும். உலக சுகாதார நிறுவனம் புழு நோய்ச் சோதனைகளுக்கு வெளியிட்டுள்ள தர வரையறைகள், கண்காணிப்புக்கும் நிறுத்தும் முடிவுக்கும் தனித்தனியே எல்லைகளை வகுத்து, பின்னதற்கு மிக உயர்ந்த பிரித்தறிதிறனைக் கேட்பது இதனால்தான்.

இலங்கையின் அனுபவம் இவ்விடத்தில் ஆழ்ந்து பார்க்கத்தக்கது. 1947 முதல் இயங்கிவரும் யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கத்தின் தளராத பணியும், 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் நடந்த மருந்து வழங்கலும் சேர்ந்து, 2016இல் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்ற அங்கீகாரத்தை அந்நாட்டுக்குப் பெற்றுத் தந்தன. ஆயினும் மருந்து நிறுத்தப்பட்டு ஆறு ஆண்டுகள் கழித்து நடந்த விரிவான ஆய்வில், கணக்கெடுப்பில் தேறிய பகுதிகளிலும், முக்கியமாகக் காலி மாவட்டத்தில், தொற்று மெல்லிய இழையாக நீடிப்பது தெரிந்தது. அதைக் காட்டியவற்றுள் கொசுக்களும் முக்கியமானவை. வீடுகளின் அருகே பொறிவைத்துப் பிடித்த கொசுக்களைச் சிறு சிறு தொகுதிகளாக அரைத்து, புழுவின் மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். மூலம் பார்க்கும் இம்முறையில், யாருடைய விரலிலும் ஊசி குத்த வேண்டியதில்லை. ஊராரின் இரத்தத்தைக் கொசுக்களே சேகரித்துத் தந்துவிடுகின்றன. 1960களின் இறுதியில் ஒழிந்ததாகக் கருதப்பட்ட புருகியா புழுவும் பின்னாளில் அத்தீவில் மீண்டும் தென்பட்டது. அங்குள்ள நாய்களிலும் பூனைகளிலும் அது வாழ்வதாக அறியப்பட்டுள்ளது. மருந்தை நிறுத்திய பின்னும் கண்காணிப்பைத் தளர்த்தாத நாடு என்பதாலேயே இந்த உண்மைகள் அங்கே வெளிவந்தன. தேடாத நாட்டில் இவை தெரியாமலே இருந்திருக்கும்.

ஒவ்வொருவரையும் சோதிக்காமல் மருந்து கொடுக்கும் வழி முற்றிலும் மூடப்பட்ட இடமும் ஒன்று உண்டு. மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில், ஆற்றுக் குருட்டு நோயை ஒழிக்க ஐவர்மெக்டின் மருந்து வழங்கப்பட்டபோது, லோவா லோவா என்னும் வேறொரு புழுவின் நுண்புழுக்கள் இரத்தத்தில் மிக அதிகமாக இருந்த சிலர் மூளை பாதிக்கப்பட்டு நினைவிழந்தார்கள், சிலர் இறந்தார்கள். ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30,000 நுண்புழுக்களுக்கு மேல் உள்ளவர்களே பெரும் ஆபத்துக்கு உரியவர்கள். மருந்தை அஞ்சி அந்த மக்கள் அனைவரையும் கண்பார்வை இழக்க விடுவதா, சிலரின் உயிரைப் பணயம் வைப்பதா என்ற கொடிய தேர்வு சுகாதாரத் துறையினரின் முன் இருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேனியல் ஃபிளெட்சரின் குழு உருவாக்கிய லோவாஸ்கோப் இதற்கு விடையளித்தது. கைப்பேசியோடு இணைந்த சிறு நுண்ணோக்கி இது. நுண்குழாயில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைச் சில விநாடிகள் படம்பிடித்து, நெளியும் புழுக்கள் தள்ளுவதால் இரத்த அணுக்கள் அசைவதைக் கொண்டு புழுக்களைக் கணக்கிடுகிறது. சாயமேற்றுதல் இல்லை, ஆய்வகம் இல்லை, ஓரிரு நிமிடங்களில் முடிவு. இப்புழுவின் நுண்புழுக்கள் நண்பகல் நேரத்தில் இரத்தத்தில் மிகுவதால் சோதனையும் பகலிலேயே நடக்கிறது. 2015இல் கேமரூனின் ஒக்கோலா மாவட்டத்தில் 16,000க்கும் மேற்பட்டவர்களை இவ்வாறு சோதித்தார்கள். சுமார் 2 சதவீதத்தினரே விலக்கப்பட்டார்கள், பெரும்பாலான மற்றவர்களுக்கு மருந்து கிடைத்தது, மூளையைப் பாதிக்கும் கடும் விளைவு ஒன்றும் நேரவில்லை. நூறு பேரில் இருவரை இனம்காட்டிய ஒரு கருவி, ஏனையோரின் கண்களுக்கான மருந்தை அவர்களிடம் சேர்த்தது.

மருந்தின் ஆற்றல் குறைகிறதா என்பதைக் கவனிப்பதும் சோதனையின் கடமை. ஆடுகளின் வயிற்றுப் புழுக்களில் அல்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு எதிர்ப்புத்தன்மை பல நாடுகளில் பரவிவிட்டது. புழுவின் டியூபுலின் என்னும் புரதத்துக்கான மரபணுவில் நேரும் சிறு மாற்றங்களே அதற்குக் காரணம். மனிதரின் புழுக்களில் அதே மாற்றங்கள் தோன்றுகின்றனவா என்று தேடும் மரபணுச் சோதனைகள் ஆய்வகங்களில் உள்ளன. களத்தில் இன்றும் நடப்பது, மருந்துக்கு முன்னும் இரண்டு மூன்று வாரங்கள் கழித்தும் முட்டைகளை எண்ணி, எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பதுதான். கோடிக்கணக்கான மாத்திரைகள் ஆண்டுதோறும் வழங்கப்படும் நாடுகளில் இந்த எளிய எண்ணிக்கைகூட அரிதாகவே செய்யப்படுவது பெருங்கவலைக்கு உரியது.

இந்த நிலைக்குக் காரணம் அறிவியலின் குறைபாடு மட்டுமன்று. புழு நீக்க மருந்துகள் பெரும்பாலும் கொடையாக வருகின்றன: அல்பெண்டசோலைக் கிளாக்ஸோ நிறுவனமும், 1987 முதல் ஐவர்மெக்டினை மெர்க் நிறுவனமும், யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையை எய்சாய் நிறுவனமும் உலக நாடுகளுக்கு இலவசமாகத் தருகின்றன. எய்சாய் தரும் மாத்திரைகள் விசாகப்பட்டினத்தில் தயாராகின்றன. சோதனைப் பட்டைகளுக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. அவற்றை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, வாங்குபவர்களோ உலகின் மிக ஏழை மாவட்டங்களின் சுகாதாரத் துறைகள். நோய் ஒழிய ஒழியத் தேவையும் சுருங்கும் ஒரு பொருளைத் தயாரிக்க முதலீடு செய்யும் நிறுவனங்கள் மிகச் சிலவே. யானைக்கால் நோய்க் கணக்கெடுப்புகள் நீண்ட காலம் ஒரே நிறுவனத்தின் பட்டையையே நம்பியிருந்தன. பட்டை வராத ஆண்டில் கணக்கெடுப்பு தள்ளிப்போகிறது; கணக்கெடுப்பு தள்ளிப்போன மாவட்டத்தில், நோய் போய்விட்டதா என்பதை அறியாமலேயே இன்னொரு சுற்று மருந்தை ஊர் முழுவதும் விழுங்க வேண்டியதாகிறது. மருந்துக் கொடைக்கு ஒப்பந்தம் எழுதும்போதே, அந்த மருந்தின் பலனை அளந்து நிறுத்துவதற்குத் தேவையான சோதனைகளின் செலவையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.